ஜில்லென்ற நெற்றி

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக் காலையில் இரண்டு தும்மல் வந்தது. அவ்வளவுதான், மனிதர் போர்வைக்குள் புகுந்துவிட்டார்.

"கையால தொட்டுப் பாத்துட்டு கூலிங் இல்லேன்னு சொல்லாதீங்க, மீட்டர் வெச்சுப் பாருங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர் அவர். ஊருக்குத்தானே உபதேசம்! தன் நெற்றியைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்து, கடுங்காய்ச்சல் என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். அலமாரியில் தெர்மாமீட்டர் இருந்தது. ஆனால் அது பாட்டுக்கு நார்மல் என்று காட்டித் தொலைத்தால் வேலைக்குப் போக வேண்டுமே!

வெந்நீர் கேட்டார், வந்தது. இன்னொரு தலையணை கேட்டார், அதுவும் வந்தது. மனைவி மட்டும் வாயே திறக்கவில்லை. மனுஷன் முடியாமல் கிடக்கும்போது இவளுக்கென்ன முறைப்பு என்று உள்ளுக்குள் கறுவினார்.

"காய்ச்சல் ஏறுதான்னு கொஞ்சம் தொட்டுப் பாரேன்."

அவள் நெற்றியில் கை வைத்தாள். "ஜில்லுன்னு இருக்குங்க, ஐஸ் மாதிரி."

உடம்பு ஜில்லிட்டுப் போவதென்றால் கதை முடிந்தது என்றல்லவா அர்த்தம்! தம்பிக்குப் போன் போடச் சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்தினார். நெற்றிமேல் இருந்த கை இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. கொதிக்கிற கைக்கு எதைத் தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கும்.

எழுந்துபோய்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்து அவள் வாயில் வைத்தார். நூற்றிரண்டு.

"எப்ப இருந்து?"

"ராத்திரியில இருந்தே. காலையில சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீங்க தும்மிட்டீங்க."