பிரண்டையா, ஆட்டுக்காலா?

1

போன மாதம் எனக்குக் குதிகாலில் வலி. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். சகாயராணி டீச்சர் மட்டும் பத்தியம் சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

'திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் மேகம் கவிந்திருந்த ஒரு...'

வேண்டாம். மலைக்கோட்டைக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம்?

2

சகாயராணி பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். இந்த வருடம், 1958 ஜனவரியில், பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டும்போது குதிகாலுக்கு மேலே சுருக்கென்றது.

"தசைநார் இழுத்துக்கிச்சு. ஓடக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

"ஜூனுக்குள்ள சரியாகலைன்னா தையல் வகுப்பு எடுத்துக்கங்க" என்றார் தலைமையாசிரியை.

நாளெல்லாம் உட்கார்ந்து ஊசி கோப்பதை நினைத்தாலே டீச்சருக்கு அழுகை வந்தது.

3

கணவர் ராயப்பராஜ் ஆட்டுக்கால் வாங்கிவந்து தானே சூப் வைத்தார். (இவரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அடுப்படிக்குள் விட்டதும் ஆளே மாறிவிட்டார்.) அடுத்த வீட்டுப் பேச்சாயி பிரண்டைத் துவையலோடு வந்தாள்.

"சரியா வதக்கலேன்னா தொண்டை அரிக்கும் தாயி. நல்லா வதக்கிட்டேன், தின்னு."

"நாரு ஒட்டணும்னா ஆட்டுக்கால்தான்க்கா" என்றார் ராயப்பராஜ்.

"அம்புட்டு சூப்பையும் ருசி பாக்குற நீ, தெரு முக்கு வரைக்கும் ஓடிக் காட்டு பாப்போம்!"

டீச்சர் இரண்டையும் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டார். ஏப்பத்தில் மட்டும் மீன்தான் ஜெயித்தது.*

ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கொல்லையில் மெல்ல ஓடப் பார்த்தார். அடுப்படியிலிருந்து ராயப்பராஜும், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சாயியும் ஒரே குரலில் கத்தினார்கள்: "உக்காரு!"

அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

* ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் ராயப்பராஜ் வீட்டில் கறி கிடையாது, சூப்பும் கிடையாது. பேச்சாயி தினமும் துவையல் அரைத்தாள்.

4

ஒரு முடிவு எழுதினேன்: ஆசிரியர்கள் ஓட்டப்பந்தயத்தில் டீச்சர் முதலிடம். திகட்டியது. இன்னொன்று: தையல் வகுப்பில் அவர் கண்கலங்கியபடி... பாதியிலேயே கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஜூனில் பள்ளி திறந்த அன்று டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடினார். வலிக்கவில்லை. பிள்ளைகள் கூச்சலிட்டபடி பின்னாலேயே ஓடினார்கள். தலைமையாசிரியை தையல் வகுப்புக்கு வேறு ஆள் தேடினார்.

"எது கேட்டுச்சு டீச்சர்?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? மூணும் தின்னேன். ஓடாம உக்காந்தும் இருந்தேன். அதுதான் தொண்டையில எறங்கல."

டாக்டர் மாத்திரை என்கிறார், ராயப்பராஜ் சூப் என்கிறார். கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேச்சாயி இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.