முடிச்சில்லாத சட்டை

எனக்கு ஏழு மாதம். அம்மா ஒரு ஜோடி சாக்ஸ்கூடப் பின்னித் தரவில்லை. பிள்ளை பிறக்கும் முன் அதற்கான துணிமணி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் யூதர்களின் வழக்கம்தான். ஆனால் பன்றிக்கறியை வக்கணையாகச் சாப்பிடுகிற அராங்காவுக்கு, என் அம்மாவுக்கு, இதில் மட்டும் என்ன ஆச்சாரம்? என் வயிற்றை ஏறெடுத்துப் பார்ப்பதுகூட இல்லை.

அந்தக் கோபத்தில்தான் அவளைத் துணியில் செய்தேன். ஆள் உயரம், உட்கார்ந்த கோலம், மடியில் ஒரு முழ நீளக் குழந்தை, அதை இறுக்கிப் பிடித்த இரண்டு கைகள். அம்மா கழித்துக் கொடுத்த மூட்டையிலிருந்த மேசைவிரிப்புகளையும் சப்பாத் என்கிற ஓய்வுநாளில் ரொட்டியை மூடும் துணிகளையும் வெட்டித் தைத்துப் பஞ்சடைத்தேன். மூட்டையின் அடியில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டை கிடந்தது. என்னுடையதாகத்தான் இருக்கும் என்று பூரித்துப்போய்க் குழந்தைக்குப் போட்டுவிட்டேன். சிற்பத்துக்கு 'விடாத கைகள்' என்று பெயர் வைத்தேன். இப்படித்தான் உன்னை வைத்திருந்தேன் என்று, என் பிள்ளை வருவதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கசின்சி தெருக் காட்சிக்கூடத்தில் நாலு மணிக்குச் சிற்பக் காட்சியின் திறப்பு. மூன்று மணிக்கே அம்மாவை வரவழைத்தேன்.

"இது நானாடி?" என்றாள். "இடுப்பப் பாரு, ரெண்டு பேர் உக்காரலாம். மூக்கையாவது கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கக் கூடாதா?"

"இருக்குறதத்தானேம்மா வெக்க முடியும்."

சிரித்துக்கொண்டே மடியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. விழுந்துவிடப் போகிறாளோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"இது எங்கடி கெடச்சுது?"

"நீ குடுத்த மூட்டையிலதான். என் சட்டைதானே?"

"உன்னுதுதான் லிவியா. தையலப் பாரு. எங்கயாவது முடிச்சு இருக்கா?"

ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூட இல்லை. இருபது வருடமாக ஊசியும் நூலுமாகப் பிழைக்கிறேன், என் புத்தி எங்கே போயிற்று? எங்களில் முடிச்சில்லாமல் தைப்பது பிணத்துக்குப் போடும் உடையை மட்டும்தான். கை தானாக என் வயிற்றுக்குப் போயிற்று.

"எனக்கு முன்னாடி ஒண்ணு செத்துப்போச்சாம்மா?"

"யாரும் சாகல. நீ ஏழாம் மாசத்துலயே பொறந்துட்ட. ஒரு கிலோ தேறல. ரெண்டு நாள் தாங்காதுன்னுட்டார் டாக்டர். சனிக்கிழமை சப்பாத் அன்னிக்கு ஊசி தொடக் கூடாதே, அதனால பொணம் குளிப்பாட்டுற சங்கத்து ரெகினா வெள்ளிக்கிழமையே தச்சு என் கட்டில்மேல வெச்சுட்டா. ஞாயித்துக்கிழமை அடக்கம்னு பேசியே முடிச்சிட்டாங்க."

இழுத்துப் போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். எனக்கும் இப்போது அதே ஏழாம் மாதம். அவள் ஏன் என் வயிற்றைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாவி, இத்தனை வருடம் இதை எப்படி மென்று முழுங்கினாள்?

"அப்ப நீ என்னைக் கையில வெச்சிருந்தியாம்மா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சிற்பத்தின் கைகளைப் பார்த்தாள்.

"இல்லடி. பதினோரு நாள் உன்னத் தொடல. தொட்டா விட முடியாதுன்னு சுவரப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். உன்னக் குளிப்பாட்ட வந்த ரெகினாதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கைய விட்டு உன் விரலப் பிடிச்சிக்கிட்டு நின்னா. இந்தக் கை பொய்."

மேசைமேல் இருந்த என் கத்தரிக்கோலை எடுத்தாள். நான் எழுவதற்குள் ஒரு தோளின் தையலை அறுத்தாள், பிறகு மற்றதை. கைகள் தொங்கின. மடியிலிருந்த குழந்தை சரிந்தது.

கத்தரிக்கோல் கீழே விழுந்த சத்தம் கேட்டது. குழந்தை தரையைத் தொடவில்லை. அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள், தலைக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மூச்சு வாங்க.

நாலு மணிக்குக் கூட்டம் உள்ளே வந்தபோதும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.