முதல் தரம் ஐந்நூறு

ஷர்மினின் எம்.இ. ப்ராஜெக்ட் தேறினால், படித்த அதே தேனிக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. தேறாவிட்டால் ஒன்றுமில்லை. 2009-இல் நிலவரம் அப்படித்தான் இருந்தது.

சி மொழியில் எழுதிய நிரலைச் சர்க்யூட்டாக மாற்றி, வேண்டியபடி சர்க்யூட்டை மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றியிருந்தாள். தட்டில் பரப்பிய ஏலக்காயைக் கேமராவில் பார்த்து, நிறத்தை வைத்துப் பதினாறு தரமாகப் பிரித்து எண்ணும் போர்டு. நிறம் பார்க்கும் வேலை, முன்கூட்டியே குறித்த கடிகாரத் துடிப்பில் மாறாமல் ஓடும். கூட்டும் இடம் மட்டும் முந்தைய கூட்டல் முடிந்ததா என்று கேட்டு, முடியாவிட்டால் நிற்கும். இரண்டையும் கலந்ததுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

ஆனால் கேட்டுக் கேட்டுப் போனதில் வேகம் அடிபட்டது. வழிகாட்டி முகம் சுளித்தார். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கையில், அந்தக் கேள்வியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூட்டலையும் கடிகாரத்தோடு கட்டினாள். ஒரே தரக் காய் இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒன்றுதான் கணக்கில் ஏறும், மற்றது தொலையும் என்று தெரியும். கலப்புக் காயில் நூற்றுக்கு ஐந்தாறுதான் தவறியது. யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்? படித்தவர்களுக்குச் சமாதானமா கிடைக்காது!

தேர்வன்று காய் கொண்டுவந்தவர் அவளுடைய அத்தா உமர் பாருக். போடியில் ஏலக்காய்க் கடையில் முப்பது வருடமாகத் தரம் பொறுக்குபவர். மகள் கேட்டதென்னவோ கலப்புக் காய்தான். அவருக்கு மனசு வரவில்லை.

"மதுரையிலருந்து பெரிய ஆளுக வந்திருக்காக, கலப்பையா குடுக்குறது?" என்றார் தட்டில் கொட்டிக்கொண்டே. "ஆயிரமும் ஒண்ணாம் நம்பரும்மா. நானே எண்ணிப் பொறுக்குனேன்."

ஷர்மின் தட்டைத் தடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் தட்டு கேமராவுக்கு அடியில் போய்விட்டது.

திரையில் முதல் தரத்தின் கணக்கு மட்டும் வந்தது: முதல் தரம், 500.

"பாதிதானே வந்திருக்கு?" என்றார் மதுரைத் தேர்வாளர்.

உமர் பாருக் ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிசினு பொய் சொல்லாதுங்கய்யா. எங் கண்ணுதேன் தவறிருச்சு. பாதி மட்டம் கலந்துபோச்சு போல. பிள்ள மேல குத்தமில்ல."

"அப்படியாம்மா?" என்று தேர்வாளர் அவளைக் கேட்டார்.

ஷர்மின் ஆமென்று தலையை ஆட்டினாள். பாவி, ஆட்டிவிட்டாள்.

ப்ராஜெக்ட் தேறியது. ஜூனில் வந்து சேரச் சொன்னார்கள்.

வீடு திரும்பும் உத்தமபாளையம் பஸ்ஸில் அத்தா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். சின்னமனூர் தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "எத்தன பேருக்கு மட்டத்தப் பொறுக்கிக் குடுத்தேனோ. நாளைக்கே முதலாளிகிட்டச் சொல்லிட்டு வேலையிலருந்து நின்டுக்கிறேன்."

"அத்தா, அது வந்து..."

"நீ எதுக்கும்மா அழுகுற? அதேன் ஒனக்கு வேல வந்துருச்சுல்ல."