மூக்கில் வழிந்த ரத்தம்

தன் நாய்களில் ஒன்றான பிஸ்கட்டின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காலையில் பார்த்ததும், டோரீனுக்குப் பக்கத்து வீட்டு செட்ரிக் மேல்தான் சந்தேகம் வந்தது. அவன் தின்ன நெருப்பில் சுட்டு வைத்த கங்காரு வாலை முந்தாநாள் அந்த நாய்தான் இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது.

நேராகப் போய் அவன் வாசலில் நின்றாள். "ஏண்டா, ஒரு வாலுக்காக வாயில்லா ஜீவனைக் கல்லால அடிச்சியா? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

செட்ரிக் திருப்பிக் கத்தவில்லை. "நான் தொடவே இல்லக்கா. இங்க வந்து பாரு."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவனுடைய வேட்டைநாய் மூச்சிரைக்கப் படுத்திருந்தது. அதன் மூக்கிலும் ரத்தம் உறைந்திருந்தது. ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. டோரீன் காதை மடித்துப் பார்த்தாள். உள்ளே உண்ணிகள் கொத்துக்கொத்தாக அப்பியிருந்தன.

"ரேடியோல சொன்னாங்களே, உண்ணிக் காய்ச்சல்னு. அதுதான்டா இது," என்றாள். கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. "நாய் டாக்டர் எப்ப வருவாராம்?"

"மழையில ரோடு அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. மூணு வாரம் ஆகுமாம்."

இருவரும் உட்கார்ந்து உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார்கள். நடுப்பகலில் வேட்டைநாயின் மூச்சு நின்றது. செட்ரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடப்பாரையை எடுத்தான்.

குழி தோண்டினால் ஊர் நாயெல்லாம் வந்து மோப்பம் பிடிக்கும். அன்று ஒன்றுகூட வரவில்லை. தெருவில் குரைப்புச் சத்தமே இல்லை.

டோரீன் வீட்டுக்கு ஓடினாள். தன் ஆறு நாய்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டுதான் எழுந்து வந்தன.