ஒரு பாட்டில் பன்னீர்

அம்மாவின் விரலிலிருந்து மோதிரம் வரவில்லை. அத்தை சோப்பு நுரையைத் தடவித் திருகிப் பார்த்தாள். அது கணுவில் வந்து நின்றுகொண்டது.

"உயிரோட இருக்கும்போதே ஒரு பேச்சு கேட்க மாட்டா. இப்பத்தான் கேட்கப் போறாளாக்கும்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தை. அதோடவே இருக்கட்டும்."

மகள் வாளியில் விரலை விட்டுப் பார்த்தாள். சூடு பதமாக இருந்தது. அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். எதையும் தொடுவதற்கு முன் கை கழுவிப் பழக்கம். இன்று பலமுறை கழுவியிருந்தாள். அம்மா காலையில் போனாள். அதன் பிறகு செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாக வந்தன, அவளும் ஒவ்வொன்றாகச் செய்தாள். அழுகை அந்த வரிசையில் எங்கோ பின்னால் நின்றது.

"பன்னீரை எடுத்துட்டு வா. அதை ஊத்தித் துடைச்சாதான் பூக்கடைக்கு நிம்மதி."

பூக்கடை, அம்மாவுக்கு அத்தை வைத்த பெயர். கொல்லையில் அத்தனை ரோஜாச் செடி இருந்தும் அம்மா ஒரு பூவை ஜாடியில் வைத்தவளில்லை. வெயில் ஏறும் முன் பறித்துவிடுவாள். இதழின் அடியிலிருக்கும் வெள்ளையைக் கத்தரியால் நறுக்கி எறிவாள், கசக்குமாம். சர்க்கரையோடு அடுக்கி வெயிலில் வைத்தால் வயிற்று எரிச்சலுக்கு. கொதிக்கவைத்தால் வாய்ப்புண்ணுக்கு. காய்ந்தது அலமாரியில் துணிகளுக்கு நடுவே. அரைத்தது அப்பாவின் முன்கையில் பொறி தெறித்த இடங்களில்.

"எங்க வீட்டுக்காரர் வாயை மூட ஏதாவது பூ இருக்கா அண்ணி?" என்று அத்தை கேட்பாள்.

"அதுக்கு முள்ளோட முழுச் செடியும் வேணும்" என்பாள் அம்மா.

இந்த வருடம் பூத்ததை யாரும் பறிக்கவில்லை. செடியிலேயே பழுப்பேறி உதிர்ந்தது. முன்பு வடித்ததில் ஒரு சின்ன பாட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. படுக்கையிலிருந்தபடியே அம்மா அதைக் கேட்டு வைத்திருந்தாள்.

"உடம்பு பூரா மருந்து வாடை. இதோட என்னை அனுப்பிடாதே. அந்தப் பன்னீரை ஊத்தித் துடைச்சு விடு."

"சும்மா இரும்மா."

"சரின்னு சொல்லு."

"சரி."

மகள் அதை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். கூடத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. நீர் கன்னத்தில் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

"இந்த மனுஷன் இப்படி உடைஞ்சு நான் பார்த்ததில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமோ தணிந்த குரலில் சொன்னார். "விடுங்க. அழட்டும்."

மகள் நின்றாள். அந்தச் சிவப்பு அவளுக்குப் பழக்கமானது. அப்பா வெல்டர்.

குனிந்து அவர் காதருகே கேட்டாள். "முகமூடி போடலையாப்பா?"

"நீ போன் பண்ணப்போ கழட்டினேன்."

"அப்புறம்?"

"கேட்ல ஒரு மூலை பாக்கி இருந்துச்சு. முடிச்சிட்டு வந்தேன்."

"வெறும் கண்ணோடயா?"

"போடணும்னு தோணலை." கண்ணைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. "மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

"இன்னைக்கா?" அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதே பாப்பா. அழறேன்னு நினைச்சுட்டு இருக்காங்க. எனக்கு இன்னும் வரவே இல்ல."

அவள் தலையாட்டினாள். அது அவருக்குத் தெரிந்திருக்காது.

முன்பெல்லாம் இப்படி வந்தால் அம்மா அவரைப் படுக்க வைப்பாள். மூடிய இமைகள்மேல் பன்னீரில் நனைத்த பஞ்சு. இரவெல்லாம் மாற்றி மாற்றி வைப்பாள், கூடவே திட்டுவாள். திட்டு ஓயும்போது எரிச்சலும் ஓய்ந்திருக்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அப்பாவின் கண்ணுக்கு ஓர் இரவுக்கே போதாது. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள். பாட்டிலை மேடையில் வைத்தாள். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் வாளியில் ஊற்றினாள்.

அத்தை முகர்ந்தாள். "வாசனையே காணோமே?"

"பழசு அத்தை. போயிருக்கும்."

"பூக்கடை சரக்கா போகும்?"

மகள் துணியைப் பிழிந்தாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரலிடுக்கில் துடைத்தாள். வெந்நீர் பட்டதும் மருந்து வாடை எழுந்தது. அதே இடங்களை மறுபடியும் துடைத்தாள். அப்போதும் எழுந்தது. புதுத் துணி உடுத்தினார்கள்.

பிறகு அப்பாவைக் கைபிடித்துச் சமையலறைக்குக் கூட்டிவந்து சுவரோரம் உட்கார வைத்தாள். பஞ்சைப் பிய்த்தாள். மூடியைத் திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பினார்.

"இது அவளுக்குன்னு வச்சதாச்சே."

"ஊத்தியாச்சுப்பா. இது மிச்சம்."

"இங்க கொடு."

கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். எந்தக் கம்பியையும் கையில் தூக்கியே எடை சொல்கிறவர்.

"எனக்காகவா?"

அவள் பிய்த்த பஞ்சை உருட்டினாள்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "எங்க படுக்க வச்சிருக்கீங்க?"

"கண்ணுக்கு வேணும்ப்பா. ராத்திரி தாங்க மாட்டீங்க."

"எங்க?"

அவள் அவரை நடத்திக்கொண்டு போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். கட்டிலருகே வந்ததும் அவர் இடது கையை நீட்டித் தேடினார். தோள் அகப்பட்டது. அங்கிருந்து தடவிக்கொண்டே நெற்றிக்குப் போனார். வலது கையால் பாட்டிலைச் சாய்த்தார். பாதி தலையணையில் விழுந்தது.

"அண்ணே, புதுத் துணி நனையுது" என்றாள் அத்தை.

"நனையட்டும் அத்தை."

அத்தை பாட்டிலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். தலையணையை மட்டும் கொஞ்சம் நகர்த்தினாள்.

அவர் கழுத்தில் ஊற்றினார். கைகளில் ஊற்றினார். ஊற்றியதைத் தழும்பேறிய விரல்களால் மெதுவாகத் தேய்த்தார். ஜன்னல் பக்கம் இருந்தவர்களுக்கும் இப்போது வாசனை வந்தது. கடைசியாகப் பாதங்களுக்கு வந்தார்.

பாட்டில் காலியாகி வெகுநேரம் ஆகியும் அவர் அதைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். யாரும் அதை அவர் கையிலிருந்து வாங்கவில்லை.