உருளைக்கிழங்குக்குப் போன புளிப்பு

ஜுங்கா இல்லாமல் நனியூரா போடலாம் என்று சொல்கிற ஆளைத் தியுர்மா தன் கடைப் படி ஏற விடமாட்டாள். பச்சைக் கெண்டை மீனை அடுப்பில் ஏற்றாமல் சாற்றிலேயே வேக வைக்கிற பண்டம் அது. சாதாரண எலுமிச்சையைப் பிழிந்தால் மீன் வெளியே வெளுத்து உள்ளே பச்சையாகவே கிடக்கும். நாக்கில் வெறும் எரிச்சல்தான் மிஞ்சும். ஜுங்கா அப்படியில்லை. தோலெல்லாம் மேடும் பள்ளமுமாகப் பார்க்கச் சகிக்காத காய், வெட்டினால் அறை முழுக்க மணக்கும். பலிகே ஊரில் இருபது வருஷமாக அவள் கடைக்கு ஆள் வருவது சோற்றுக்காக அல்ல, சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற அந்த ஒரு தட்டு மீனுக்காக.

அந்த வெள்ளிக்கிழமை, சந்தை முழுக்கச் சுற்றியும் ஒரு காய்கூட இல்லை.

"ஏரிக்கரை ஹோட்டல்காரங்க மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாங்கக்கா. மரத்துல இருக்கும்போதே பேசி முடிச்சிட்டாங்க," என்றாள் காய்க்காரி.

"அங்க யாருடி நனியூரா போடுறது?"

"நனியூராவா? உருளைக்கிழங்கை வறுத்து அதுமேல பிழியுறாங்களாம். ஜகார்த்தாலேர்ந்து வர்றவங்க விரலை நக்கிட்டுப் போறாங்களாம்."

"உருளைக்கிழங்குமேல!" தியுர்மா கூடையைத் தரையில் நச்சென்று வைத்தாள். "நாளைக்கு ஐஸ்கட்டிமேலயும் பிழிவானுங்க."

"அதுவும் பிழியுறாங்களாம்க்கா," என்றாள் காய்க்காரி பயந்துகொண்டே.

வேறு நாளாக இருந்தால் தியுர்மா நாலு வசவோடு வீட்டுக்குப் போயிருப்பாள். இன்றைக்கு முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் அண்ணன் சஹாலா வருகிறார். அவர் வந்து உட்கார்ந்து சரி என்று சொன்னால்தான் அவள் மகன் தொகாருக்குக் கல்யாணம்.

தொகார், மாமன் மகள் லம்ரியாவை விட்டுவிட்டு வெளியே ஒருத்தியைப் பார்த்துவிட்டான். முறைப்பெண் இருக்க வேறு பெண் கட்டுகிறவன், முதலில் தாய்மாமன் மனசைக் குளிர வைக்க வேண்டும். மாமன் முகம் திருப்பிக்கொண்டால் கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அவளுடைய பத்தாக் ஜனங்களில் அப்படி ஒரு கல்யாணத்துக்கு யாரும் வந்து உட்காரவும் மாட்டார்கள். தியுர்மா இரண்டு முறை போய் நின்றாள். இரண்டு முறையும் அண்ணன் வீட்டில் இல்லை என்று அண்ணனே உள்ளேயிருந்து சொன்னார். மூன்றாவது முறைதான் இறங்கி வந்தார்: "வரேன். ஆனா ஜுங்கா பிழிஞ்ச நனியூரா இருக்கணும். எலுமிச்சை வாசம் அடிச்சுதுன்னா, வாசலோட திரும்பிடுவேன்."

தியுர்மா ஹோட்டலுக்கு நடந்தாள். கோபத்தில் நடந்ததால் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள்.

சமையல்கட்டின் பின்வாசலில் தலைமைச் சமையல்காரன் நின்றிருந்தான். பருத்த ஆள், நாற்பது வயசு இருக்கும், பெயர் பின்சார். அவன் காலடியில் இரண்டு கூடை நிறைய ஜுங்கா. தியுர்மா கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எட்டுக் காய் குடுப்பா. ஒரே ஒரு மீனுக்கு."

"முடியாதும்மா. மேனேஜர் எண்ணி வச்சிருக்காரு. வேணும்னா கிழங்கு ஒரு தட்டு சாப்பிட்டுப் பாருங்க, நல்லாருக்கும்."

அவன் நீட்டிய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நீ எந்தக் குலம்?"

"பஞ்சைத்தான்."

"நான் பொறந்த வீடும் பஞ்சைத்தான்தான். எத்தனாவது தலைமுறை நீ?"

பின்சார் தயங்கினான். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியாதா? "பதினஞ்சு," என்றான் மெதுவாக.

"நான் பதினாலு. அப்ப நான் உனக்கு யாரு?"

"...அத்தை."

"அத்தை வாசல்ல வந்து நின்னு எட்டுக் காய் கேக்குறா. மேனேஜர் எண்ணி வச்சிருக்காருங்கிற. சொல்லு, ஊர்ல நான் என்னன்னு சொல்லிக்கட்டும்?"

"அய்யோ அத்தை, சத்தம் போடாதீங்க," என்று அவன் குனிந்து காய்களைப் பொறுக்கினான். எட்டு கேட்டவளுக்கு ஒன்பது விழுந்தது.

கடைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. அவள் கணவன் லிண்டுங் மீனைச் செதிள் எடுத்து, முள் நீக்கி, தலை ஒட்டியிருக்கும்படி விரித்து வைத்திருந்தான். அது ஒன்றுதான் அன்றைக்கு ஒழுங்காக நடந்த காரியம்.

"பன்னிக்கறி அடுப்புல ஏத்தியாச்சா?"

"நீ வந்து மசாலா போடுவேன்னு..."

"நான் வர்ற வரைக்கும் அடுப்பைப் பாத்துக்கிட்டு நின்னியா? கடவுளே, எனக்குன்னு வந்து வாய்ச்சியே!"

ஒன்பது காயையும் பிழிந்தாள். சாறு மீனை மூடியது.  மஞ்சள் சுட்டு, நாக்கை மரக்க வைக்கிற காட்டு மிளகை வறுத்து, இடித்து, அரைத்து, நிமிர்ந்து பார்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. கறியை அடுப்பில் ஏற்றும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. பரவாயில்லை. நாலு மணிவரைக்கும் நேரம் இருக்கிறது, மீனும் ஊறிவிடும், கறியும் வெந்துவிடும்.

மூன்று மணிக்கே அண்ணன் வந்துவிட்டார்.

தோளில் சால்வை, காலில் புதுச் செருப்பு, முகத்தில் ஏழு ஊர்ப் பஞ்சாயத்துக் களை. தொகார் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். மாமன் அவனைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் பார்த்து உட்கார்ந்தார்.

"நாலு மணின்னு சொன்னீங்களேண்ணே?"

"ஏன், இப்ப வரக்கூடாதா? சொல்லு, போயிட்டு வரேன்."

"அய்யோ, அப்படி இல்லண்ணே. உட்காருங்க."

உள்ளே ஓடிக் கறியைக் குத்திப் பார்த்தாள். கல். மீனைத் தொட்டுப் பார்த்தாள். சதை வெளுத்து இறுகிப் பக்குவமாக வந்திருந்தது. வெளியே அண்ணன் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தொகார் அம்மா, மச்சான் எத்தனை நேரம் வெறும் மேஜையைப் பாத்துக்கிட்டு இருப்பாரு? அவரு கேட்டதே மீனுதானே, அதைக் கொண்டு போய் வையேன்," என்றான் லிண்டுங்.

வைத்தாள். அரைத்த மசாலாவை மேலே பூசி, நீளத் தட்டில் முழு மீனாக. ஜுங்கா மணம் தெருவரைக்கும் போயிற்று. சஹாலாவின் மூக்கு விரிந்ததை அவள் பார்த்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

கையைத் தட்டுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"கறி எங்க?"

"வெந்துக்கிட்டு இருக்குண்ணே. முதல்ல இதை..."

"உன்னை இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுத்தவன் நான். நீ எனக்குக் கறி வைக்கணும். மீன் நான் உனக்குக் குடுக்கணும். தலையை உன் பக்கம் திருப்பி, வாழ்த்துச் சொல்லி, என் கையால நான் குடுக்கணும். இங்க என்னடான்னா தலை என்னைப் பாத்துக்கிட்டு இருக்கு. என்ன, உனக்கு நான் மாப்பிள்ளை வீடா? முறையைத் தலைகீழாக்கிட்டியா?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.  சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறை. காய், காய் என்று ஊர் முழுக்க அலைந்ததில் தியுர்மா அதைக் கோட்டைவிட்டாள். அண்ணனே கேட்ட மீன்தானே, கடையில் விற்கிற தொடுகறிதானே என்று சமாளிக்கலாம். ஆனால் அண்ணன் குறை கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் முன்னால் வந்தவர். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மாமா..." என்றான் தொகார். 

"யாருடா உனக்கு மாமா? மாமன் பொண்ணு வேணாம், மாமன் மட்டும் வேணுமா?"

அதைக் கேட்டதும் தியுர்மாவுக்குள் காலையிலிருந்து கொதித்ததெல்லாம் பொங்கி வழிந்தது.

"உங்க பொண்ணு இவனைக் கட்டிக்க மாட்டேன்னு என்கிட்டயே சொன்னாண்ணே! இவனைப் பாத்தா கூடப் பொறந்தவன் மாதிரிதான் இருக்காம். வீட்ல உங்ககிட்டயும் சொல்லி அழுதிருக்கா. அப்புறம் யாருக்காகண்ணே இந்தக் கோவம்?"

சஹாலா சால்வையைச் சரி பண்ணினார்.

"உருளைக்கிழங்குக்காரன் வாசல்ல போய் நின்னேன். கையேந்தினேன். பிழிஞ்சு பிழிஞ்சு விரல் வெந்து போச்சு, பாருங்க. முறை தப்பிடுச்சு, ஒத்துக்கிறேன். மீன் நீங்கதான் எனக்குக் குடுக்கணுமா? குடுங்க!" தட்டை அவர் பக்கம் தள்ளினாள். மசாலா மேஜையில் சிந்தியது. "இந்தா இருக்கு மீன். குடுங்கண்ணே! யாரு வேணாங்கிறது?"

லிண்டுங் சுவரைப் பார்த்தான். 

சஹாலா நின்றுகொண்டே இருந்தார். போகிறவராக இருந்தால் போயிருக்கலாம். வழியில் யாரும் நிற்கவில்லை. அவர் கண் தட்டை விட்டு நகரவில்லை. எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. அப்புறம் தங்கையின் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கி, சிவந்து, நகக்கண்ணில் வெடித்திருந்தது.

உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தட்டின் விளிம்பைப் பிடித்து, அவசரமில்லாமல், மீனின் தலை தொகாரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"நல்லா இருங்கடா," என்றார். அவ்வளவுதான். நீளமாக வாழ்த்துகிற மனுஷர் வேறெதுவும் சொல்லவில்லை.

தொகார் அப்படியே குனிந்து மாமன் கையைப் பிடித்துக்கொண்டான். லிண்டுங் மூக்கை உறிஞ்சினான். தியுர்மாதான் முதலில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கொடுத்ததை வாங்கித் தின்றால்தானே வாங்கினதாக அர்த்தம்.

கொடுத்த கையால் அதிலிருந்தே எடுத்துத் தின்பது பெண் கொடுத்தவனுக்கு அழகில்லை. சஹாலா கையை மடியில் வைத்துக்கொண்டு, வேகாத கறிக்காகக் காத்திருந்தார். கேட்ட நாளிலிருந்து நாக்கு ஊறக் காத்திருந்த மீன் அவர் கண்ணெதிரே தட்டில் குறைந்துகொண்டு வந்தது.

"புளிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

தியுர்மா கண்ணில் நீர் வழிய, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.