எஃப் போட்ட போல்ட்

காலின் பாஸ்கோவுக்குக் கண் போன பிறகு ஜீப்பை முடிக்கும் வேலை அவன் மனைவி குவெண்டாவின் தலையில் விழுந்தது. வருடக்கணக்காக ஆஸ்திரேலியாவின் விம்மரா கோதுமைக் காடுகளுக்கு நடுவே பள்ளிப் பேருந்து ஓட்டியவள், அது வழியில் நின்றால் தானே இறங்கிச் சரிசெய்தவள். ஸ்பேனர் அவளுக்குப் புதிதல்ல. உலகப் போர்க் காலத்து ஃபோர்டு ஜீப் அது. ஒரு பண்ணை ஏலத்தில் உடைந்த கலப்பைகளோடு கிடந்ததைக் காலின் இழுத்து வந்து அக்கு அக்காகப் பிரித்துப் போட்டான். திரும்பப் பூட்டுவதற்குள் சர்க்கரை வியாதி அவன் பார்வையை முழுசாகத் தின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்வான். அவள் வேலை செய்வாள், பதிலுக்கு வாயடிப்பாள். கதவில்லாத அந்த வண்டிக்குப் பச்சை வண்ணம் அடித்து முடித்த அன்று காலின் கேட்டான்.

"பழைய போல்ட்டெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு வச்சேனே, எடுத்துக் குடு. தடவிப் பாக்கணும்."

"அதை வச்சு என்ன பண்ணப் போற? துருப்பிடிச்ச சனியனுங்க."

"அடிப்பாவி, அதுலதான்டி உசிரே இருக்கு. ஃபோர்டுக்காரன் ஒவ்வொரு போல்ட் தலையிலயும் எஃப்னு போட்டிருப்பான். தடவினா தட்டுப்படும். நீ அடிச்ச பச்சை எனக்குத் தெரியப்போறதில்ல. கட்டைவிரலுக்காவது வண்டி தெரியட்டும்னு பாத்தேன்."

அந்த டப்பாக்களைக் குவெண்டா போன மாதமே ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்திருந்தாள். புருஷன் வண்டிக்குத் துரு ஆகாதென்று பளபளக்கும் புதுப் போல்ட்டுகள் ஒரு பெட்டி நிறைய வாங்கி ஒளித்தும் வைத்திருந்தாள். பாசம் முற்றினால் புத்தி இப்படித்தான் மேயப் போய்விடும். "பெயின்ட் காயட்டும், அப்புறம் தர்றேன்" என்று சொல்லிவிட்டு தன் கார் சாவியை எடுத்தாள்.

குப்பைமேட்டுக் காவலாளி தலையைச் சொறிந்தான். "இரும்புன்னா நோஸ்க்கே விட்டுவைப்பானா? அன்னிக்கே அள்ளிட்டுப் போயிட்டான்."

அடுத்த பண்ணைக்காரன் பெவன் நோஸ்க்கே. கிறிஸ்துமஸ் விருந்தில் ஊரே கேட்க அவனைக் 'குப்பை ராஜா' என்று கிண்டலடித்தவள் குவெண்டாதான். இப்போது அதே வாயால் கெஞ்ச வேண்டும். ஒரு பழக்கேக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"வாங்க மகாராணி" என்றான் பெவன். "குப்பை ராஜா அரண்மனைக்கு என்ன விஜயம்?"

"யோவ், ஏற்கெனவே நொந்து போய் வந்திருக்கேன், குத்தாதே. என் போல்ட்டெல்லாம் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா டப்பாவுல இல்ல."

அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். முன்வாசல் கதவின் கீலில் நான்கு போல்ட்டுகள். நன்றாகத் தேய்த்து எண்ணெய் போட்டுப் பூட்டியிருந்தான். ஒவ்வொரு தலையிலும் ஒரு குட்டி எஃப். ஆட்டுப்பட்டியில், நாய்க்கூண்டில், கோழிக்கூண்டில், தண்ணீர்த் தொட்டி மூடியில் என்று பண்ணை முழுக்க ஜீப் பரவிக்கிடந்தது.

குவெண்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டைவிரல் கதையைச் சொன்னாள். பெவன் உள்ளே போய் இரண்டு ஸ்பேனரோடு வந்தான்.

"உன் புதுப் போல்ட் பெட்டியைக் கொண்டா. ஒண்ணு கழட்டினா ஒண்ணு மாட்டணும். இல்லேன்னா என் ஆடெல்லாம் அடிலெய்டு போய்ச் சேர்ந்துரும்."

அந்த வாரம் முழுக்க இருவரும் பண்ணையைச் சுற்றினார்கள். இறுகிப்போனவற்றை வெட்டி எடுக்க அவன் சம்மதிக்கவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, விரல்முட்டித் தோல் உரிய உரியத் திருகினான். கோழிக்கூண்டின் கதவு கழன்று விழுந்து, கோழிகள் வெளியே பாய்ந்தன. கறுப்பு ஆர்ப்பிங்டன் சாதிக் கோழி ஒன்றைக் குவெண்டா குப்புற விழுந்து பிடித்தாள். பெவன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த மனுஷனையா அத்தனை பேர் நடுவில் கேலி செய்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. பெவன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு அவளை வீட்டுக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தடிக்கு அழைத்துப் போனான். மண்மேட்டின் மேல் மரச் சிலுவை ஒன்று. அவனுடைய ஆடு மேய்க்கும் நாய் டஃபி போன மாதக் கடைசியில் செத்திருந்தது. சிலுவையின் இரண்டு கட்டைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்த ஒற்றைப் போல்ட்.

"அவ இருந்தா, தானே வாயில கவ்விட்டு வந்து குடுத்திருப்பா" என்று சொல்லி ஸ்பேனரை வைத்தான். கை திருகவில்லை.

குவெண்டா ஸ்பேனரை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "போதும்யா. நீ குடுத்ததே ஜாஸ்தி. இது இவளோட போல்ட்."

எல்லாவற்றையும் பூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை காலினைக் கொட்டகைக்குள் கூட்டிவந்தாள். அவன் கட்டைவிரல் பானட்டில் தொடங்கி வண்டியைச் சுற்றியது. ஒவ்வொரு எஃப்பிலும் நின்று நின்று போனது. அவன் முகத்தில் சிரிப்பு பரவியது. பின்பக்கம், உதிரி டயர் மாட்டும் இடத்தில், விரல் நின்றுவிட்டது.

"இது மொழுக்குன்னு இருக்கே."

அவள் எதையும் மறைக்கவில்லை. குப்பைமேட்டிலிருந்து டஃபியின் சிலுவை வரை எல்லாவற்றையும் கொட்டினாள். காலின் அந்தப் போல்ட்டை இன்னொரு முறை தடவினான்.

"அவனைக் கூப்பிடு" என்றான். "முத சவாரி அவன் வீட்டுக்கு."

குவெண்டா ஓட்டினாள். காலின் பக்கத்தில், பெவன் பின்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு. மரத்தடியில் இறங்கியதும் காலின் பெவனின் தோளைப் பற்றிக்கொண்டு முழங்காலிட்டான். சிலுவையைத் துழாவினான். கட்டைகள் சேரும் இடத்தில் கட்டைவிரல் நின்றது.

"இந்தா இருக்கு எஃப்பு" என்றான். "இப்பத்தான் என் வண்டி முழுசாச்சு. ரொம்ப நன்றிடா பெவன்."

பெவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். காலின் விரலை எடுக்காமல் தலையைச் சாய்த்து, "உனக்கும்தான் டஃபி" என்றான்.